அசைவும் அடக்கமும்

சென்ற சில திங்களாக இப்பகுதியில் பல நாட்டுக் கலைகளையும் கைத்தொழில்களையும் பற்றி, அவற்றைக் கற்போர் எவ்வாறு படிப்படியாகத் தேர்ச்சி பெறுகின்றனர் என்ற ஒரே நோக்கில் எழுதி வருகின்றோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டதும் நம் அன்பர்களுள் சிலர் முகம் சுளிக்கவும், வேறு சிலர் ஆசிரியர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இதனை எழுதிவிட்டோமோ என ஐயுறவும் கூடும். இரண்டும் வேண்டா. எகிப்து நாட்டில் வளர்ந்து, இன்று உலகெங்கும் 'பெல்லி நடனம்' என்ற பெயரால் வழங்கும் ஆடற்கலையைப் பற்றியே எழுதப் புகுகின்றோம்.

இதற்குத் தூண்டுகோலாயிருந்தது ஒரு கடிதம். நம் சங்கத்து உறுப்பினராகிய அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். அவர்தம் மகள் அலுவலகப் பணி முடிந்தபின், வாரத்தில் இரண்டு மாலை, இந்நடனம் கற்பிக்கும் வகுப்புக்குச் செல்கிறாளாம். ஊரிலிருந்து வந்திருந்த உறவினர், "இதுவும் ஒரு படிப்பா, இதற்கு ஒரு சம்பளமா?" என்று கேட்டுவிட்டனராம். அம்மையார் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அவர் நம்மிடம் கேட்பது வேறு. "பாட்டு என்றால் எத்தனை கீர்த்தனை பாடமாயிற்று என்று கேட்கலாம்; பரதநாட்டியம் என்றால் எந்த அடவு வரை வந்திருக்கிறது என்று கேட்கலாம். இதில் என் மகள் முன்னேறுகிறாளா, வீணே பொழுது போக்குகிறாளா என்று நான் எதைக்கொண்டு அறிவது?" என்பதே அவர் வினா. மகளுக்குத் தெரியாமல் எழுதுவதாகவும் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

நல்ல வினா. இந்நடனத்தை இகழ்வோரும் கேளாத வினா. கண்டு களிப்போரும் கேளாத வினா. ஒரு கலை கலையா அன்றா என்று வழக்காடுவதைக் காட்டிலும், அதில் தேர்ந்தவளையும் தேராதவளையும் பிரித்தறிவது எப்படி என்று கேட்பது பயனுடையது. பிரித்தறிய ஓர் அளவுகோல் இருக்குமாயின், அங்கே கற்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்பது தானே விளங்கும்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். அரபு மொழியில் இதற்கு 'ரக்ஸ் ஷர்க்கி' என்று பெயர். கிழக்கத்திய நடனம் என்பது பொருள். வீடுகளிலும் திருமணங்களிலும் மக்கள் தமக்குள் ஆடி மகிழும் எளிய வடிவத்தை 'ரக்ஸ் பலதி' என்பர்; பலதி என்றால் நம் ஊரைச் சார்ந்தது, நம் மண்ணுக்குரியது. வயிறு என்ற சொல் இவ்விரண்டிலும் இல்லை. அது பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர். 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், கெய்ரோ நகரத்துத் தெரு ஒன்றைப் போல அமைத்த பகுதியில் இந்நடனம் காட்டப்பட்டது. அதன்பின் அப்பெயரின் ஆங்கில வடிவம் எங்கும் பரவிற்று. சீட்டு விற்க அப்பெயர் உதவியிருக்கலாம். கற்பவர்க்கோ அது வழி தவறச் செய்யும் பெயர். வயிற்றை ஆட்டுவதே கலை என்று எண்ணி வகுப்பிற் சேரும் பெண், முதல் நாளன்று ஆசிரியை முழங்காலைப் பற்றியும் பாதத்தைப் பற்றியுமே பேசக் கேட்டு வியப்பாள்.

கெய்ரோவில் முகம்மது அலி தெரு என்று ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் இசைவாணரும், வாத்தியம் செய்வோரும், ஆடல்மகளிரும் குடியிருந்த தெரு அது. அங்கிருந்த பெண் கலைஞர்க்கு 'அவாலிம்' என்று பெயர். அதன் ஒருமை 'ஆலிமா', அதாவது கற்றவள். பெருமக்கள் வீடுகளில் மகளிர் நடுவே பாடிவந்த பெண்களுக்கு முன்னாளில் வழங்கிய இம்மதிப்புப் பெயர், பின்னர் திருமண வீடுகளில் பாடியும் ஆடியும் வாழ்ந்தோர்க்கு உரியதாயிற்று. குழுவின் தலைவியை 'உஸ்தா' என்பர். பள்ளி இல்லை, பாடநூல் இல்லை. சிறுமி உஸ்தாவுடன் கலியாண வீடுகளுக்குச் செல்வாள், பார்ப்பாள், ஓரத்தில் நின்று கை தட்டுவாள், பின்னொரு நாள் தானும் ஆடுவாள். கண்ணாலும் காதாலும் கற்ற கல்வி அது. 1834-இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா, ஆடல்மகளிர் கெய்ரோவில் பொதுவிடங்களில் ஆடலாகாது என்று தடுத்து அவர்களைத் தென்னெகிப்துக்கு அகற்றினார். அவர் பெயரைத் தாங்கிய தெருவிலேயே ஆடல்மகளிர் பிற்காலத்தில் குடியேறியதைக் காலத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

தெருவிலும் கலியாண வீட்டிலும் இருந்த இவ்வாட்டத்தை அகன்ற மேடைக்கு ஏற்றியவர் பதியா மஸாப்னி என்னும் அம்மையார். சிரியா நாட்டவர், 1926-இல் கெய்ரோவில் தம் பெயரால் ஓர் அரங்கு திறந்தார், 1940-இல் 'காஸினோ ஒபரா' என்ற பெரிய அரங்கை நிறுவினார். முன்பு ஆடியவள் ஏறக்குறைய ஓரிடத்தில் நின்றே ஆடினாள். சிறு கூடத்திற்கு அது போதும். மேடை அகன்றபோது நடந்தும் சுழன்றும் ஆட வேண்டியதாயிற்று. கைகளை உயர்த்தி, வளைத்து, உடலுக்கு ஒரு சட்டம் கட்டினாற்போல ஏந்த வேண்டியதாயிற்று. நான்கு பேர் இருந்த இசைக்குழு பெருங்குழுவாயிற்று. மேனாட்டு நடனங்களில் பயிற்சியும் சேர்ந்தது. பதியாவின் அரங்கில் பயின்று புகழ் பெற்றவர்களுள் இருவரை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். இருவரும் இரு வேறு வழிகளில் தேர்ந்தவர்கள் என்பதே காரணம்.

ஒருவர் ஸாமியா கமால் (1924–1994). முதன்முதலாகத் தனியே ஆட மேடையேறிய நாளில் அச்சத்தால் அவர் செயலற்று நின்றுவிட்டார் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. அதன்பின் அவர் மேனாட்டு நடன முறைகளையும் கற்று, தம் ஆட்டத்தை வேறோர் உருவில் அமைத்துக்கொண்டார். 1949-இல் வெளிவந்த 'அஃப்ரீத்தா ஹானிம்' என்ற படத்தில் ஃபரீத் அல் அத்ரஷின் பாட்டுக்கு அவர் ஆடுவதை இன்றும் இணையத்தில் காணலாம். மேடை முழுவதும் அவருடையது. கைகள் நீரிற் படரும் கொடிபோல் அலையும். முகத்தில் சிரிப்பு நீங்காது.

மற்றவர் தஹியா கரியோகா. இயற்பெயர் பதவிய்யா. 'கரியோகா' என்பது பிரேசில் நாட்டு ரியோ நகரத்தாரைக் குறிக்கும் சொல்; 1933-இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றால் புகழ் பெற்ற அப்பெயருடைய நடனத்தை இவர் ஆடியதால் அது இவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நம்மவர் சிலர் தம் பெயருக்கு முன் 'வீணை' என்றும் 'பிடில்' என்றும் சேர்த்துக்கொள்வதில்லையா, அதுபோல. இவர் ஆட்டத்தில் பரபரப்பு இல்லை. பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் செய்த் தம் இளவயதில், 1950-இல், இவரை மேடையிற் கண்டார். நாற்பது ஆண்டு கழித்து, 1990-இல், இவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் நினைவில் நின்றது இவர் எவ்வளவு அசைந்தார் என்பதன்று. எவ்வளவு குறைவாக அசைந்தார் என்பதே. துள்ளல் இல்லை, குலுக்கல் இல்லை. நின்ற இடத்தில் நின்று, ஒவ்வோர் அசைவையும் அடுத்ததோடு இழைத்துக்கொண்டு போகிறார். காண்பவன் கண்ணை எடுக்க இயலாமற் போகிறான்.

அம்மையாரின் வினாவிற்கு முதல் விடை இங்கே கிடைக்கின்றது என்று நினைக்கின்றோம். மகளின் இடுப்பு எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டா. அது ஆடும்போது எவையெவை ஆடாமல் நிற்கின்றன என்று பாருங்கள்.

இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்நடனத்தின் அடிப்படை, உடலின் ஒரு பகுதியைத் தனியே பிரித்து அசைப்பது. பாதங்கள் இடுப்பின் அகலத்திற்கு விலகியிருக்க, முழங்கால்கள் விறைக்காமல் சிறிதே நெகிழ்ந்திருக்க, முதுகின் அடி எலும்பு தரையை நோக்கி இறங்கியிருக்க, மார்பு நிமிர்ந்து, தோள்கள் தாழ்ந்து நிற்பது முதல் நிலை. நிற்பதுதானே என்று எண்ணற்க. பலர் முதுகின் கீழ்ப்பகுதியைப் பின்னோக்கி வளைத்து நிற்பர். அவ்வாறு நின்று ஆடினால் சில திங்களில் இடுப்புவலி வரும். நிலை அமைந்தபின், ஒரு காலின்மேல் எடை முழுவதையும் ஏற்றி, மறுகாலின் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, அப்பக்கத்து இடுப்பை உயர்த்தித் தாளத்தில் இறக்குவது ஒரு பாடம். இடுப்பால் தரைக்கு இணையாக 8 என்ற எண்ணை எழுதுவது மற்றொரு பாடம். அதனையே நிமிர்த்தி, சுவரில் எழுதுவதுபோல் மேலும் கீழுமாக எழுதுவது அடுத்தது. விலாக்கூட்டை மட்டும் முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்துவது வேறொன்று.

இருப்புப்பாதையில் வேலை பார்க்கும் நம்போன்றோர்க்கு இதில் ஓர் உவமை தோன்றுகின்றது. கோத்து நிற்கும் சரக்கு வண்டியை எஞ்சின் ஒரு முறை வெடுக்கென்று இழுத்தால், அந்த அதிர்ச்சி பெட்டிக்குப் பெட்டி தாவி, கடைசியிலுள்ள கார்டு பெட்டி வரைக்கும் கடகடவென்று ஓடும். புதிதாகக் கற்பவளின் உடல் அத்தகையது. இடுப்பை அசை என்றால் தோளும் குலுங்கும், தலையும் ஆடும், கைவிரல்கள் விறைக்கும், மூச்சும் நின்றுபோகும். தேர்ந்தவளிடத்திலோ நடுவிலுள்ள ஒரு பெட்டி மட்டும் அசைய, முன்னும் பின்னும் உள்ளவை பிளாட்பாரத்தில் நிற்பனபோல் நிற்கும். வண்டித்தொடரில் நடவாத இது மனித உடலில் நடக்கின்றது. ஆனால் எளிதில் நடப்பதில்லை. அன்றாடம் சிறிது நேரமேனும், மிக மெதுவாக, கண்ணாடியின் முன் நின்று பயின்றாலன்றிக் கைகூடாது. வேகமாக ஆடும்போது பிழைகள் மறைந்துகொள்ளும். மெதுவாக ஆடும்போது அவை வெளியே வந்துவிடும். ஆகையால், நல்ல மாணவி தன் பயிற்சியில் மெதுவான பகுதியைக் கூட்டிக்கொண்டே போவாள்.

'ஷிம்மி' என்னும் அதிர்வைக்கொண்டு இதனை நன்கு சோதிக்கலாம். முழங்கால்களை மாறி மாறி மடக்கி நீட்டுவதனால் இடுப்பு தானே அதிர்வதே ஷிம்மி. புதியவள் தொடைகளை இறுக்கி, உடலை நடுங்கச் செய்து அதனைப் பெற முயல்வாள். அரை நிமிடத்தில் களைத்துப் போவாள். தேர்ந்தவளுக்குத் தசைகள் தளர்ந்திருக்கும். வேலை செய்வன முழங்கால்களே. அவளால் பாட்டு முடியுமட்டும் அதனை நிறுத்தாமல் தொடரவும், தொடர்ந்துகொண்டே நடக்கவும், நடந்துகொண்டே மார்பால் வட்டமிடவும், இவ்வளவுக்கும் மேலே கைகளை அமைதியாக ஏந்தவும் முடியும். ஒன்றன்மேல் ஒன்றாக அசைவுகளை இவ்வாறு அடுக்குவது இரண்டாம் ஆண்டுக்குரிய வேலை என்றே கொள்ளலாம். முதலாண்டில் இதற்கு அவசரப்படும் ஆசிரியையிடம் நமக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

நிற்க. உடல் இவ்வளவும் கற்றபின்னும் ஆடுகிறவள் ஆடல்மகள் ஆகிவிடுவதில்லை. அடுத்தது காது.

எகிப்தியர் தாளத்திற்குக் கொள்ளும் முழவைத் 'தப்லா' என்பர். வடநாட்டில் வாழும் நாம் அப்பெயரைக் கேட்டதும் இரட்டை முழவை நினைப்போம், இஃது அதுவன்று. கிண்ணம்போல் குறுகி விரிந்த ஒற்றை முகமுடைய கருவி. மற்ற நாடுகளில் தர்புகா என்பர். தோலின் நடுவில் அடித்தால் எழும் கனத்த ஒலி 'தும்'. ஓரத்தில் அடித்தால் எழும் கூரிய ஒலி 'தெக்'. எட்டு மாத்திரையில் 'தும் தெக் – தெக் தும் – தெக் –' என்று வருவது மக்ஸூம் என்னும் தாளம். தொடக்கத்தில் இரண்டு தும் சேர்ந்து 'தும் தும் – தெக் தும் – தெக் –' என்று வந்தால் அது பலதி. இரட்டைத் தும் நடுவே நின்று 'தும் தெக் – தும் தும் – தெக் –' என்று வந்தால் அது ஸயீதி. தென்னெகிப்துக்குரிய தாளம், கைத்தடி ஏந்தி ஆடும் ஆட்டத்திற்கு வருவது. மூன்றுக்கும் இடையே உள்ள வேற்றுமை ஒரே ஒரு தும்மின் இடம்தான். அந்தத் தும் எங்கே விழுகிறது என்று காது அறியாத பெண், மூன்றுக்கும் ஒரே ஆட்டத்தை ஆடுவாள். காண்பவர் அரபு இசை அறியாதவராயின் கைதட்டுவர். அறிந்தவராயின், எல்லாச் சந்தத்துப் பாட்டையும் ஒரே மெட்டில் பாடுகிறவரைப் பார்த்து நாம் எப்படி நகைப்போமோ அப்படி நகைப்பர்.

தாளத்தோடு நின்றுவிடுவதில்லை. முழவு ஒலிக்குங்கால் இடுப்பு பேசும். முழவு அடங்கி, நாணற்குழலோ ஊத் என்னும் நரம்புக்கருவியோ தனித்து விரியும்போது, கைகளும் மெல்லிய வட்டங்களும் பேசும். கானூன் என்ற பல தந்திக் கருவி நடுங்கி ஒலிக்கும்போது, அந்நடுக்கத்தை இடுப்பு ஏற்றுக்கொள்ளும். எந்தக் கருவிக்கு எந்த உறுப்பு என்று சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆயினும் நெடுநாள் கேட்டவளுக்கு அது தானே அமையும். மரபுப்படி இவ்வாட்டம் முன்கூட்டி அடவு கோத்து ஆடப்படுவதன்று. இசையைக் கேட்டு, அந்த நொடியில் பிறப்பது. ஆகவே, பத்து உருப்படி மனப்பாடமாயிற்று என்பது இக்கலையில் தேர்ச்சிக்கு அளவாகாது. முன் கேளாத ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதே அளவு. தொடங்கியவுடனே பாய்ந்து ஆடத் தொடங்குகிறாளா, ஓர் ஆவர்த்தம் நின்று கேட்கிறாளா? கேட்பவளாயின் நம்பிக்கை கொள்ளலாம்.

பின்னும் ஒன்று உண்டு, அதுவே அரிது. 1964-இல் முகம்மது அப்துல் வஹாப் இசையமைக்க உம்மு குல்தூம் அம்மையார் பாடிய 'இந்த உம்ரீ' என்ற பாட்டு அரபு நாடுகளில் அறியாதவர் இல்லை. அதன் நெடிய முன்னிசைக்கு ஆடாத ஆடல்மகள் இல்லை என்றே சொல்லலாம். உம்மு குல்தூமின் பாட்டுகளுக்கு ஆடிப் பெருமை பெற்றவர் ஸுஹைர் ஸக்கி. இத்தகைய பாட்டுகளுக்கு ஆட வேண்டுமாயின் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். அரபு அறியாத பிற நாட்டு மாணவியர், பிரிவால் வாடும் வரிக்குப் பல் தெரியச் சிரித்து ஆடிவிடுவதுண்டு. இசையில் ஒன்றிக் கேட்போரும் பாடுவோரும் தம்மை மறக்கும் நிலையை அரபு மொழியில் 'தரப்' என்பர். ஆடுபவள் அதனைத் தன் முகத்தில் நடித்துக் காட்ட இயலாது. பாட்டு முதலில் அவளைத் தொட வேண்டும். அம்மையாரின் மகள் தான் ஆடும் பாட்டின் பொருளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாளா என்று கேட்டுப் பார்க்கலாம். இவ்வொன்றினாலேயே ஆசிரியையின் தரமும் விளங்கிவிடும்.

இனி, உறவினர் கேட்டதற்கும் ஒரு சொல் சொல்லாமல் விட முடியவில்லை. அவர்கள் கேட்டது புதிதன்று. எகிப்து நாட்டாரே அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். கலியாணம் என்றால் ஆடல்மகள் வேண்டும். ஆனால் நம் வீட்டுப் பெண் ஆடல்மகள் ஆகலாகாது என்பதே அங்கும் வழக்கம். சதிராட்டத்தை மேடையிற் கண்டு களித்துக்கொண்டே ஆடியவர் குலத்தை இழித்துப் பேசிய வரலாறுடைய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நெதர்லாந்து நாட்டு மானுடவியல் அறிஞர் காரின் வான் நியூகெர்க், முகம்மது அலி தெருவின் பெண் கலைஞர்களிடையே ஆய்ந்து 1995-இல் ஒரு நூல் வெளியிட்டார். மற்றெல்லாத் தொழிலையும் போல இதுவும் ஒரு தொழில் என்பதே அதன் பெயர். அப்பெண்கள் தம்மைப் பற்றி உலகம் ஏற்க வேண்டும் என விரும்பியது அவ்வளவே.

இதனை நன்கு எடுத்துக்காட்டிய படம் ஒன்றுண்டு. 1972-இல் ஹஸன் அல் இமாம் இயக்கிய 'கல்லி பாலக் மின் ஸூஸூ'. அதில் ஸுஆத் ஹுஸ்னி ஏற்ற ஸூஸூ பல்கலைக்கழக மாணவி. விளையாட்டில் முதல், பேச்சில் முதல், எல்லோர்க்கும் செல்லப் பெண். அவள் தாய் முகம்மது அலி தெருவின் ஆலிமா. அவ்வுண்மையை மகள் தோழர்க்கு மறைத்து வைத்திருக்கிறாள். பெரிய வீட்டு விழா ஒன்றுக்கு அத்தாயை ஆட வரவழைத்து, முதுமையால் தளர்ந்த அவள் ஆட்டத்தைக் கண்டு விருந்தினர் நகைக்கின்றனர். மகள் எழுந்து, தாய்க்குப் பதிலாகத் தானே ஆடுகிறாள். அந்தத் தாயாக நடித்தவர் யார் தெரியுமா? முன்னே சொன்ன தஹியா கரியோகாவே. ஒரு காலத்தில் காண்போரைக் கண் இமைக்காமல் இருக்கச் செய்தவர், மேடையில் நகைப்புக்கு ஆளாகும் முதியவளாக நடிக்கிறார். அக்காட்சியை நாம் இருமுறை கண்டோம். மூன்றாம் முறை காண மனம் வரவில்லை. அப்படம் கெய்ரோவில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. தஹியா 1999-இல் மறைந்தார்.

மதிப்பைத் தேடி வேறு வழியிற் சென்றோரும் உளர். மஹ்மூத் ரிதா என்பவர் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எகிப்தின் சார்பாக உடற்பயிற்சிப் போட்டியிற் கலந்துகொண்டவர். தம் தமையனார் அலீ ரிதாவுடனும் ஃபரீதா ஃபஹ்மி என்ற இளம்பெண்ணுடனும் சேர்ந்து 1959-இல் ஒரு நடனக் குழு தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று மக்கள் ஆடும் ஆட்டங்களைக் கண்டு, அவற்றை மேடைக்கு ஏற்பத் திருத்தினார். 1961-இல் அரசே அக்குழுவை ஏற்றுக்கொண்டது. ஃபரீதா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் மகள்; அத்தந்தை மகள் மேடையேறுவதற்குத் துணை நின்றார் என்பது அந்நாளில் சிறிய செய்தியன்று. பின்னாளில் ஃபரீதா அமெரிக்காவில் நடனத்தையே ஆய்வுப் பொருளாகக்கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். வகுப்பு, வரிசை, எண்ணிக்கை, ஒத்திகை என்ற முறைமையெல்லாம் இக்குழுவின் வழியே எகிப்திய நடனத்துள் நன்கு வேரூன்றின. இன்று உலகெங்கும் கற்பிக்கும் ஆசிரியர் பலர் அம்முறைக்குக் கடன்பட்டவர்கள். எனினும் அரசின் ஆதரவு நாட்டுப்புற ஆட்டத்திற்குக் கிடைத்ததுபோல் ரக்ஸ் ஷர்க்கிக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்தவை உரிமச்சீட்டும், ஆடையைப் பற்றிய விதிகளும், கண்காணிப்புமே. 2003-இல் பிற நாட்டுப் பெண்கள் எகிப்தில் இதனைத் தொழிலாக ஆடலாகாது என்று தடை விதித்து, 2004-இல் அதனை நீக்கினர். 2020-இல் ஆடல்மகள் ஒருவர் சமூக வலைத்தளங்களில் வெளியிட்ட படங்களுக்காகக் கெய்ரோ நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பிறந்த வீட்டில் இந்நிலை இருக்க, ஜப்பானிலும் ருஷ்யாவிலும் தென்னமெரிக்காவிலும் மாணவியர் பணம் சேர்த்துக்கொண்டு கற்பதற்குக் கெய்ரோவுக்கு வருகின்றனர்.

நம் நகரங்களில் இதனைக் கற்பிப்போரிடையே தரம் பலவாறாக இருக்கும். திரைப்படப் பாட்டுக்கு இடுப்பசைவு நான்கைச் சேர்த்து ஆறு வாரத்தில் முடித்து அனுப்புவோர் உண்டு. அது பொழுதுபோக்கு, குற்றமில்லை. ஆயினும், முழவின் சொற்கட்டை வாயால் சொல்லச் செய்து, சொல்லியபின் ஆடச் செய்யும் ஆசிரியை கிடைத்தால் அவரை விடலாகாது. ஆடும் முன் உடலைச் சூடேற்றும் பயிற்சி தராதவரை நாடலாகாது. இடமும் வலமும் சமமாகப் பயிலல் வேண்டும். பெரும்பாலோர்க்கு ஒரு பக்கத்து இடுப்பு சொற்கேட்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். திங்களுக்கு ஒரு முறை கைப்பேசியில் படம் பிடித்து வைத்து, மூன்று திங்கள் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. அன்றன்றே பார்த்தால் மனச்சோர்வுதான் மிஞ்சும்.

அம்மையார் அறைக்குள் எட்டிப் பார்க்காமலே அறிய ஒரு வழியும் இருக்கின்றது. இந்நடனம் பயில்வோர் இடுப்பில் சிறு காசுகள் தைத்த துணியொன்றைக் கட்டிக்கொள்வர். அடுக்களையில் இருந்தபடியே அக்காசுகளின் ஒலியைக் கேட்கலாம். தொடக்கத்தில் அது சில்லறைப் பையைக் கொட்டினாற்போல் ஓயாமல் சலசலக்கும். நாளடைவில் பாட்டின் தும்மும் காசின் ஒலியும் ஒன்றாக விழத் தொடங்கும். பிறகு, விழவேண்டாத இடத்தில் காசுகள் வாய் திறவாமலிருக்கும்; அவ்விடைவெளிகளைக் கவனித்துக் கேளுங்கள். மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் கீழ்வீட்டாரைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. குதிகாலை ஓங்கி மிதிக்கும் ஆட்டமன்று இது. இரவு 9 மணிக்கு மேலாயின், காசுத்துணியை அவிழ்த்து வைத்துவிட்டு மெதுவான பாடங்களைப் பயிலட்டும்.